தக்கலையில் லாவெண்டர் வைக்கலாமா?

அண்ணன் மகள் தக்கலைக்குப் பக்கத்தில் புது வீடு கட்டி, போன சித்திரையில் பால் காய்ச்சினாள். பந்தி முடிந்து கை கழுவும் இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா, வாசல்ல இருந்து கேட் வரைக்கும் ரெண்டு பக்கமும் வரிசையா லாவெண்டர் வைக்கலாம்னு இருக்கேன். எப்படி இருக்கும்?"

"ஆனி வரைக்கும் நல்லா இருக்கும் மக்களே" என்றேன்.

முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சும்மா வேண்டாம்னா எப்படி? அதுக்குப் பதிலா என்ன வைக்கணும்னு சொல்லுங்க" என்றாள். நியாயமான கேள்வி. லாவெண்டர் எதற்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அலமாரித் துணிக்கு வாசம், ராத்திரி நல்ல தூக்கம், கொசு வராமல் இருக்க, தரை துடைக்கும் தண்ணீரில் விட, டீ போட, அப்புறம் பார்க்க ஊதா நிறத்தில் அழகாக இருக்க. ஆறு வேலை. ஒரு செடியின் தலையில் இத்தனை சுமத்துவது எந்த ஊரிலும் அதிகம்தான். குமரி மாவட்டத்தில் அந்தச் செடி உயிரோடு இருப்பதே ஏழாவது வேலை.

முதலில் லாவெண்டரைப் பற்றி. அது துளசி, தும்பை, கற்பூரவல்லி குடும்பம்தான். ஆனால் பிறந்த இடம் மத்தியதரைக் கடலோரத்துப் பாறை மலைகள். கோடையில் மழையே கிடையாது, குளிர்காலத்தில் நல்ல குளிர், சுண்ணாம்பு கலந்த, தண்ணீர் நிற்காத மண். நம் ஊர் இதற்கு நேர் எதிர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்ததும் அதனால்தான். மாவட்டத்தின் மேற்கே விளைகளில், அதாவது தோட்ட நிலங்களில், இருப்பது புளிப்புத்தன்மை உள்ள செம்மண், சரல்மண். காற்றில் எப்போதும் ஈரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரியிலும் நமக்குக் குளிர் கிடையாது. மார்கழிக் குளிர் என்று நாம் போர்த்திக்கொள்வதெல்லாம் லாவெண்டருக்கு வெயில் காலம்.

இந்தியாவில் லாவெண்டர் பெரிய அளவில் விளைகிற இடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். ஜம்முவின் தோடா மாவட்டத்தில் பதர்வா என்று ஓர் ஊர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் பனி விழும். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நறுமணத் திட்டத்தில் நாற்று வாங்கி, மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள் லாவெண்டருக்கு மாறினார்கள். ஊதாப் புரட்சி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வயல் முழுக்க ஊதாவாக நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் என் அண்ணன் மகளுக்கும் ஆசை வந்திருக்கிறது.

சரி, எல்லா லாவெண்டரும் ஒன்றா? இல்லை. படங்களில் பார்க்கிற, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உதவுகிற இனிப்பு வாசம் ஆங்கில லாவெண்டர் என்ற வகைக்கு உரியது. இலை குறுகலாக, ஓரம் வழவழப்பாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். நன்றாகப் பூக்க அதற்குக் குளிர் படவேண்டும்; குளிர் இல்லாத இடத்தில் பிழைத்தாலும் சாம்பல் நிறப் புதராக நிற்கும், அவ்வளவுதான். லாவண்டின் என்ற கலப்பின வகையில் எண்ணெய் அதிகம், கற்பூர வாடையும் அதிகம். சோப்புக்கும் துப்புரவுத் திரவத்துக்கும் போவது பெரும்பாலும் அதுதான். மூன்றாவது, பிரெஞ்சு லாவெண்டர் என்று சொல்லப்படுவது. இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். இந்த மூன்றில் வெக்கையை அதிகம் தாங்குவது இதுதான். ஆனால் இதன் வாசம் ரோஸ்மேரியும் கற்பூரமும் கலந்த மாதிரி இருக்குமே தவிர, நீங்கள் மனதில் வைத்திருக்கும் லாவெண்டர் வாசம் அல்ல. சமையலுக்கும் ஆகாது. ஆக, நம் ஊரில் பிழைக்கிற லாவெண்டர் நாம் ஆசைப்பட்ட லாவெண்டர் இல்லை. இந்த ஒன்றை நர்சரியில் யாரும் சொல்வதில்லை. எல்லாத் தொட்டியிலும் லாவெண்டர் என்று ஒரே சீட்டுதான் குத்தியிருக்கும்.

நான் கொன்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் செடியை 180 ரூபாய் கொடுத்து வாங்கி, எல்லாரும் செய்வதுபோலத் தென்னை நார்க்கழிவு கலந்து நட்டு, தினமும் தண்ணீர் விட்டேன். ஆனி பிறந்து பத்து நாளில் தண்டின் அடி கறுத்தது, தொட்டால் கையோடு வந்தது. வேர் அழுகல். நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகவே போடுவது. லாவெண்டருக்கு அது விஷம். இரண்டாவது செடிக்கு மண்ணைச் சரிசெய்தேன். வேர் பிழைத்தது. ஆனால் ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் பெய்தபோது நடுப்பகுதி இலைகள் பழுத்து, உள்ளிருந்து வெளியே காய்ந்துகொண்டே வந்தது. வெறும் காற்றின் ஈரமே கொன்றுவிட்டது. மூன்றாவது, ரம்ப இலைக்காரன், ஆரல்வாய்மொழியில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் இரண்டு வருடமாக இருக்கிறது.

அக்காவின் கைராசி என்று மைனி (அண்ணன் மனைவி) சொல்வாள். கைராசி கொஞ்சம், காற்று மிச்சம். பக்கத்து முப்பந்தலில் காற்றாலை வைத்திருப்பது சும்மாவா? கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்றில் இலையில் ஈரம் தங்குவதில்லை. மேற்கே பெய்கிற அளவு மழையும் அங்கே கிடையாது. தொட்டி உருண்டு விழாமல் இரண்டு பக்கமும் செங்கல் அணை கொடுக்கவேண்டும், அதுதான் அங்கே ஒரே தொல்லை. ஆகவே தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆட்கள் துணிந்து ஒரு தொட்டி வைக்கலாம். கல்குளம், விளவங்கோடு, திருவட்டார் தாலுகாக்காரர்கள் வைத்தால், தை முதல் வைகாசி வரை வந்துபோகும் விருந்தாளி என்று நினைத்து வையுங்கள். தரையில் வரிசையாக நடுவது எங்குமே வேண்டாம்.

வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு. மண் தொட்டி வாங்குங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, கழுவிய பெருமணல் ஒரு பங்கு, உடைத்த ஓட்டுச்சில்லு ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் தூள் போகும்வரை அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து மண் என்றால் ஒரு பிடி கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்து புளிப்பை எடுக்கவேண்டும். விரலை விட்டுப் பார்த்து, ஒரு அங்குல ஆழம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இலைமேல் தெளிக்கக்கூடாது. விதை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். முளைக்கவும் குளிர் கேட்கும், முளைத்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பூ முடிந்ததும் பச்சைத் தண்டு வரை வெட்டிவிடலாம். கட்டையாக முற்றிய பகுதியில் கத்தி வைத்தால் திரும்பத் துளிர்ப்பது சந்தேகம்.

இனி அந்த ஆறு வேலைகள். எல்லாவற்றையும் ஒரே அளவு அலசப்போவதில்லை, அலமாரிக்குத்தான் உண்மையான போட்டி.

மழைக்காலத்தில் நம் வீட்டு அலமாரியைத் திறந்தால் வரும் ஈரவாடை எல்லாருக்கும் தெரியும். மேல்நாட்டில் காய்ந்த லாவெண்டர் பூவைச் சிறு துணிப்பையில் கட்டித் துணிகளுக்கு இடையில் வைப்பார்கள், அந்துப்பூச்சி அண்டாது என்று. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வாசம் லேசானது, சீக்கிரம் பறந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் பூவே பூசணம் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டிவேர் அப்படி அல்ல. அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். வாசனைத் திரவியக்காரர்கள் மற்ற வாசங்களைப் பிடித்து நிறுத்த இதைச் சேர்ப்பதும் அதனால்தான். ஒரு பிடி வேரைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். வாசம் குறைந்தால் வெயிலில் ஒரு நாள் போட்டு எடுத்து வைக்கலாம். அப்புறமும் வீணில்லை, தேங்காயெண்ணெயில் போடலாம், பானைத் தண்ணீரில் போடலாம், நலங்கு மாவோடு அரைக்கலாம். பூ வாங்கினால் இத்தனை மறுபிறவி கிடையாது.

வளர்ப்பதும் சுலபம், ஒரு நிபந்தனையோடு. தூரிலிருந்து பிரித்த நாற்றைத் தரையில் நட்டால், நம் சரல்மண்ணில் வேரைத் தோண்டி எடுப்பதற்குள் இடுப்பு போய்விடும். சாக்கில் நடுங்கள். மணலும் மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்துவிட்டால் 12 முதல் 18 மாதத்தில் சாக்கைக் கிழித்து வேரை அப்படியே உதறி எடுக்கலாம். இன்னொன்று. சரிவான விளையில் மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேர் நடுவார்கள். வேர் மூன்று மீட்டர் வரைக்கும் இறங்கும். அந்த வேரையே தோண்டி அலமாரியிலும் வைப்பேன் என்றால் முதல் மழையில் வரப்பு போய்விடும். ஒன்று சரிவுக்கு, ஒன்று அலமாரிக்கு. சேர்த்து ஆசைப்படாதீர்கள்.

ஆனால் அலமாரிக்கு என் முதல் தேர்வு வெட்டிவேர்கூட இல்லை, பச்சோலி. பேர் கேட்டால் மேல்நாட்டுச் செடி மாதிரி தோன்றும். பச்சோலி என்ற சொல்லே தமிழிலிருந்து போனதுதான். இதுவும் துளசி குடும்பம், லாவெண்டரின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளைக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புகளுக்குள் காய்ந்த பச்சோலி இலையை வைத்து அனுப்பினார்கள். அந்த வாசம் இருந்தால்தான் அசல் காஷ்மீர்ச் சால்வை என்று அங்கே நம்பவே தொடங்கிவிட்டார்களாம்.

லாவெண்டர் எதையெல்லாம் வெறுக்கிறதோ அதெல்லாம் பச்சோலிக்குப் பிடிக்கும். ஈரக்காற்று வேண்டும், வெக்கை வேண்டும், பாதி நிழல் வேண்டும். தென்னைக்கு அடியில், சீமைப்பலாவுக்கு அடியில், வேறு எதுவும் ஒழுங்காக வராத இடத்தில் இது தளதளவென்று வரும். மழை தொடங்கும்போது தண்டைக் கிள்ளி நட்டால் வேர் பிடிக்கும். ஐந்தாறு மாதத்தில் முதல் அறுப்பு. பச்சையாகக் கசக்கினால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏமாந்துவிட்டோம் என்றுகூடத் தோன்றும். நிழலில் உலர்த்திச் சில நாள் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு மோந்து பாருங்கள். ஒரே குறை, வேரில் நூற்புழு முடிச்சு விழும். ஒரே இடத்தில் தொடர்ந்து நடாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வாசமும் எல்லாருக்கும் பிடிக்காது. மைனிக்குப் பிடிக்கவில்லை. "பழைய பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள். பழைய பெட்டி வாசம் எனக்குப் பிடிக்கும், அதனால் என் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. மைனி மாதிரி ஆட்கள் வெட்டிவேர் முடிச்சில் மாறாமலைக் கிராம்பு நாலைந்து சேர்த்துக் கட்டலாம். கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மரம் வளர்த்துக் காய்க்க வருடக்கணக்கில் ஆகும், வாங்குவதுதான் புத்தி.

தூக்கத்துக்கு? இங்கே லாவெண்டருக்கே ஓட்டு. அதன் எண்ணெயில் உள்ள லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்களும்தான் அந்த மனதை இளக்கும் வாசத்துக்குக் காரணம். நம் நொச்சி இலைத் தலையணை தலைவலிக்கும் நீர்க்கோவைக்கும் நல்லது என்று வைப்பார்கள், ஆனால் வாசம் காட்டமானது; பழகாதவர்கள் தூங்குவதற்குப் பதில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே லாவெண்டர்தான், ஆனால் வளர்த்து அல்ல, வாங்கி. நூறு கிலோ பூத்தண்டைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் தேறும் என்னும்போது, ஒரு தொட்டிச் செடியில் என்ன கிடைக்கும்? வாங்கும்போது புட்டியில் லாவாண்டுலா ஆங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். லாவெண்டர் நறுமணம் என்று மட்டும் இருந்தால் அது வெறும் செயற்கை வாசனை. நேரடியாகத் தோலில் தடவாதீர்கள், ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெய்க்கு இரண்டு சொட்டு போதும். குடிக்கவே கூடாது. வீட்டில் பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்கு ஆகாது.

தரைக்கும் கொசுவுக்கும் விவாதமே தேவையில்லை, எலுமிச்சைப்புல்லிலிருந்து எடுக்கும் புல்தைலம் இருக்கிறது. திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே இந்தக் கரையில் தெரிந்த சரக்கு. மைனி துடைக்கும் வாளியில் நாலு சொட்டு விடுவது நான் சிறுவயதிலிருந்து பார்ப்பது. எலுமிச்சைப்புல்லை ஒரு மூலையில் நட்டால் நான்கைந்து வருடம் நிற்கும், மூன்று நான்கு மாதத்தில் முதல் வெட்டு. எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்காகவே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்த சுகந்தி என்ற ரகம் நம் மழைக்கும் மண்ணுக்கும் பொருந்துவது. வாங்கும்போது மட்டும் ஒரு தாளைக் கசக்கி மோந்து பாருங்கள். எலுமிச்சம்பழத் தோல் வாசம் வந்தால் டீக்கும் ஆகும். கொசு விரட்டும் களிம்பு மாதிரி அடித்தால் அது சிட்ரோனெல்லா என்ற வேறு புல், தரைக்கு மட்டும். நர்சரியில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், வேண்டுமென்றே அல்ல, பார்வைக்கு அப்படி.

டீ என்றாலும் அதே புல்தான். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு தாள் முடிந்து போட்டால், லாவெண்டர் டீயை யாரும் கேட்கமாட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பூ கொஞ்சம் கூடினாலும் சோப்பு கரைத்த மாதிரி இருக்கும். கர்ப்பிணிகள் எலுமிச்சைப்புல்லை அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசியில் அந்த ஊதா நிறம். இதற்குத்தான் அண்ணன் மகள் மிகவும் அடம்பிடித்தாள். நொச்சியை வை என்றதும் சிரித்தாள், வேலிச்செடியை யாராவது வாசலில் வைப்பார்களா என்று. அவள் நொச்சி பூத்து ஒழுங்காகப் பார்த்ததில்லை. நுனியில் நீலம் கலந்த ஊதாவில் கதிர் கதிராகப் பூக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினால் லாவெண்டர் என்றே ஏமாறலாம். கோட்டை மதிலைக் காப்பவர்கள் சூடிய பூ அது, அந்தத் திணைக்கே நொச்சி என்றுதான் பெயர். மதில் காத்த பூ ஒரு காம்பவுண்டுச் சுவரைக் காக்காதா? கம்பை ஒடித்து ஊன்றினால் துளிர்க்கும், ஆடு கடிக்காது, இரண்டு மழையும் தாங்கும். இலையைக் காயவைத்து அரிசிப் பானையில் போட்டால் வண்டு குறையும். சளிக்கு ஆவி பிடிக்கலாம், அந்தியில் புகை போட்டால் கொசு விலகும். இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் மட்டும் புகை வேண்டாம். பூத்தால் தேனீ மொய்க்கும், மார்த்தாண்டம் பக்கம் தேன்கூடு வைத்திருப்பவர்களுக்கு அது உபரி லாபம். குறை என்றால், விட்டால் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். வருடம் இரண்டு முறை கத்தரித்தால்தான் வாசலுக்கு லட்சணம்.

மரிக்கொழுந்தைப் பற்றிக் கேட்பார்கள். தோவாளைச் சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் வீடே மணக்கும், நாலு மாதத்தில் ஆயுசு முடிகிற செடியை இதற்காக வளர்க்கவேண்டியதில்லை. ரோஸ்மேரி லாவெண்டரைவிடக் கொஞ்சம் கெட்டி, ஆனால் அதே பிடிவாதம்.

வைகாசியில் அவள் வீட்டுச் சுவரோரம் ஒன்பது நொச்சிக் கம்பு ஊன்றினோம். ஏழு பிழைத்தது. கிணற்றடியில் எலுமிச்சைப்புல், பின்பக்கம் ஆறு சாக்கில் வெட்டிவேர், சீமைப்பலா நிழலில் பச்சோலி. பச்சோலி முதல் அறுப்பு ஐப்பசியில் முடிந்து, இலை இப்போது மச்சில் காய்கிறது. அத்தனையும் ஆன பிறகு, எனக்குத் தெரியாமல் ஒரு லாவெண்டரும் வாங்கி சிட்அவுட்டில் வைத்திருக்கிறாள். நல்லவேளை, ரம்ப இலை. கார்த்திகை மழை இன்னும் விடவில்லை. தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாள். காற்று படட்டும் என்று ஒரு முழம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். அடியில் நாலு இலை பழுத்திருக்கிறது. தை பிறந்து வெயிலுக்கு எடுக்கும்வரை எதுவும் சொல்வதற்கில்லை.